வாங்காமல் சும்மா சுற்றிப் பார்க்க ஹாரட்ஸுக்குள் போகலாமா?

மதுரை அண்ணா நகரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அக்கா லண்டனில் இருக்கிறாராம். செப்டம்பரில் அப்பா, அம்மா இருவரையும் இந்தத் தம்பி அங்கே கூட்டிக்கொண்டு போகிறார். ஹாரட்ஸ், செல்ஃப்ரிட்ஜஸ் மாதிரி பெரிய கடைகளை உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. ஆனால் அங்கே வாங்குகிற அளவுக்குக் கையில் காசு இல்லை. "உள்ளே விடுவார்களா? சேலை, வேட்டியோடு போனால் ஒரு மாதிரி பார்ப்பார்களா? ஒன்றும் வாங்காமல் எப்படி வெளியே வருவது?" என்பது அவர் கேள்வி.

தாராளமாகப் போகலாம். நுழைவுச் சீட்டு கிடையாது, பில் காட்டச் சொல்ல மாட்டார்கள், ஒன்றும் வாங்காமல் வெளியே வந்தால் யாரும் கேட்கவும் மாட்டார்கள். உள்ளே இருக்கிற கூட்டத்தில் நிறையப் பேர் உங்களைப் போல வேடிக்கை பார்க்க வந்தவர்கள்தான்.

ஆனால் மூன்றாவது கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது. நான் தெற்கு மாசி வீதியில் ஜவுளிக்கடையில் வளர்ந்தவன். அப்புறம்தான் லண்டன் வாசம். நம் கடைகளில் வாடிக்கையாளர் உட்கார்ந்ததும் ஒருவர் சேலையை எடுத்து விரிக்கத் தொடங்குவார். ஒன்று, இரண்டு என்று பாய் முழுக்கக் குவிந்துவிடும். "அம்மாவுக்கு ஒரு காபி சொல்லுப்பா" என்று கல்லாவிலிருந்து குரல் வரும். முந்தானையைத் தோளில் போட்டுக் கண்ணாடியும் காட்டியாயிற்று. இதற்குப் பிறகு "அப்புறம் வர்றோம்" என்று எழுந்தால் இரண்டு பக்கமும் சங்கடம்தான். அதுவும் காலையில் போணி ஆகாத நேரமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். ஒருவர் நமக்காக உழைத்துவிட்டார், வெறுங்கையோடு எப்படி எழுவது என்கிற மரியாதைதான் அது. நல்ல குணம். ஹாரட்ஸுக்கு அது தேவைப்படாது, அவ்வளவுதான்.

ஒரு காலத்தில் லண்டனிலும் ஏறக்குறைய நம் கதைதான். பொருள்கள் கவுண்டருக்குப் பின்னால் அலமாரியில் இருக்கும். நுழைந்ததும் ஒருவர் வந்து என்ன வேண்டும் என்று கேட்பார். பதில் இல்லாதவர்களுக்கு அங்கே வேலை இல்லை. அதை உடைத்தவர்களில் முக்கியமானவர் ஹாரி கார்டன் செல்ஃப்ரிட்ஜ் என்கிற அமெரிக்கர். சிகாகோவில் மார்ஷல் ஃபீல்ட் கடையில் தொழில் கற்றுக்கொண்டு வந்து, 1909 மார்ச் 15 அன்று ஆக்ஸ்ஃபோர்ட் வீதியில் தன் கடையைத் திறந்தார். பொருள்களை வெளியே எடுத்து மேசைகளில் பரப்பினார். வாருங்கள், தொட்டுப் பாருங்கள், வாங்காவிட்டாலும் பரவாயில்லை என்பதையே விளம்பரமாக்கினார். அதே ஆண்டு ஜூலையில் லூயி ப்ளேரியோ ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் கடந்தார் அல்லவா, அந்த விமானத்தைக் கையோடு கொண்டுவந்து கடைக்குள் நிறுத்திவிட்டார் மனிதர். நாலே நாளில் சுமார் 1,50,000 பேர் வந்து பார்த்தார்கள். 1925இல் ஜான் லோகி பேர்ட் தன் தொலைக்காட்சிக் கருவியைப் பொதுமக்களுக்கு இயக்கிக் காட்டியதும் இதே கடையில்தான். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் போகிற போக்கில் ஒரு சோப்பாவது வாங்கும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில்தான் இந்தக் கடைகள் இன்றும் ஓடுகின்றன. நீங்கள் சும்மா சுற்றுவது அவர்களுக்கும் தெரிந்த விஷயம்தான்.

இன்னொன்று கேளுங்கள். இங்கிலாந்தில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் ஞாயிற்றுக்கிழமையில் ஆறு மணி நேரம்தான் வியாபாரம் செய்யலாம். அதனால் பல பெரிய கடைகள் பகல் 11:30 மணிக்குக் கதவைத் திறந்துவிட்டு, 12 மணிக்குத்தான் பில் போடத் தொடங்கும். அந்த அரை மணி நேரம் நீங்களே விரும்பினாலும் வாங்க முடியாது. பார்க்க மட்டும்தான் முடியும். அம்மாவுக்குக் கூச்சம் ரொம்ப இருந்தால் ஞாயிறு 11:30க்குக் கூட்டிப் போங்கள். கூச்சம் தெளிகிற வரைக்கும் யாரும் எதையும் விற்க மாட்டார்கள்.

அதற்காக எல்லா இடமும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. இந்தக் கடைகளின் உள்ளே, பெரிய பிராண்டுகள் தனித்தனியாகத் தங்கள் சொந்தக் கடையை நடத்துகின்றன. அங்கே நிற்கிற ஊழியர் அந்த பிராண்டின் சம்பளக்காரராக இருப்பார், அவருக்கு விற்பனை இலக்கு இருக்கும். வாசலில் கயிறு கட்டி வரிசை நிற்கிறது, ஒவ்வொருவராக உள்ளே அழைத்து ஓர் ஊழியர் கூடவே வருகிறார் என்றால், அது நம் ஜவுளிக்கடைப் பாய்க்குச் சமம். வாங்கும் எண்ணம் இல்லாமல் அந்த வரிசையில் நிற்க வேண்டாம். வைர நகை, கைக்கடிகாரப் பகுதிகளிலும் கண்ணாடிக்கு வெளியே நின்று எவ்வளவு நேரமும் பார்க்கலாம், ஆனால் வெளியே எடுத்துக் காட்டச் சொல்ல வேண்டாம். மற்றத் தளங்களில் யாராவது வந்து உதவி வேண்டுமா என்று கேட்டால், சிரித்துக்கொண்டே "ஜஸ்ட் லுக்கிங், தேங்க் யூ" என்றால் போதும். விலகிவிடுவார்கள். கோபித்துக்கொண்டு போகிறார் என்று அம்மா நினைக்கப் போகிறார், முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

சரி, உடை. சேலைக்கு எந்தத் தடையும் இல்லை, வேட்டிக்கும் இல்லை. ஹாரட்ஸில் உடை விஷயத்தில் கொஞ்சம் கறார்தான். ஆனால் அது கடற்கரை உடை, வெறுங்கால், அழுக்குத் துணி இவற்றுக்கு. சுத்தமாக உடுத்தியிருந்தால் வாசலில் பச்சை உடுப்புக்காரர் கதவைத் திறந்துவிட்டு வணக்கம் சொல்வார். அவருக்கு டிப்ஸ் கொடுக்க வேண்டியதில்லை. முதுகுப் பையைக் கழற்றிக் கையில் பிடிக்கச் சொல்வார்கள், சோதிக்கவும் செய்யலாம். சக்கரம் வைத்த பெட்டியோடு போகாதீர்கள். செப்டம்பர் மாதம் என்றால் வெளியே லேசான குளிர், உள்ளே புழுக்கம். கழற்றிக் கையில் போட்டுக்கொள்கிற மாதிரி மெல்லிய கோட் போதும். காலுக்கு மட்டும் ஷூ. நம் செருப்போடு அந்தத் தளங்களில் மூன்று மணி நேரம் நடந்தால் இரவில் தைலம் தேய்க்க வேண்டிவரும்.

எனக்கு நிஜமான பயம் எஸ்கலேட்டர் மீதுதான். படிகள் கடைசியில் உள்ளே போய் மறைகிற இடத்தில் சீப்புப் பல் போல ஒரு தகடு இருக்கும். சேலையின் ஓரமோ வேட்டி நுனியோ அதில் சிக்கினால் இழுத்துவிடும். அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கொசுவத்தை ஒரு கையால் சற்றே தூக்கிப் பிடித்து, மறு கையால் கைப்பிடியைப் பிடிக்கட்டும். இறங்கும்போது தகட்டைத் தாண்டிக் கால் வைக்க வேண்டும். தயக்கம் இருந்தால் லிஃப்ட் உண்டு. ஹாரட்ஸில் இதற்கு ஒரு வரலாறே இருக்கிறது. 1898இல் அங்கே நகரும் படிக்கட்டு வைத்தார்கள், இங்கிலாந்தின் முதல் நகரும் படிக்கட்டுகளில் அது ஒன்று. ஏறிப் போனவர்கள் மிரண்டுபோனதால், மேலே ஊழியர்கள் பிராந்தியும் மயக்கம் தெளிய முகரும் உப்பும் வைத்துக்கொண்டு நின்றார்கள். ஆக, அம்மா தயங்கினால் கிண்டல் பண்ணாதீர்கள். அந்த ஊர்ச் சீமாட்டிகளே தயங்கியதுதான்.

ஹாரட்ஸில் எதைப் பார்ப்பது? கடை முழுவதையும் பார்க்க நினைக்காதீர்கள், முடியாது. தரைத்தளத்து உணவுக் கூடங்கள், எகிப்திய பாணியில் அலங்கரித்த எஸ்கலேட்டர், பொம்மைப் பகுதி, பரிசுப்பொருள் கடை, இவை போதும். உணவுக் கூடங்களில் தட்டுகளை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள், தலையை நிமிர்த்துங்கள். சுவரிலும் விதானத்திலும் மீன், பறவை, வேட்டைக் காட்சிகள் தீட்டிய ஓடுகள் இருக்கும். 1902-03 வாக்கில் டபிள்யூ. ஜே. நீட்பி என்கிற கலைஞர் வடிவமைத்தவை. பைசா செலவில்லாமல் பார்க்கக் கிடைக்கிற அருமையான வேலை, பெரும்பாலானவர்கள் கேக்கைப் படம் எடுத்துக்கொண்டே கடந்துவிடுகிறார்கள். பழைய வழிகாட்டிகளில் டயானா நினைவிடம் என்று போட்டிருக்கும், அதைத் தேடி அலையாதீர்கள். கடையை வைத்திருந்த முகமது அல் ஃபாயத் 2010இல் கத்தார்காரர்களுக்கு விற்றுவிட்டார். அவர் அங்கே வைத்த டயானா சிலையும் 2018இல் அவர் குடும்பத்திடமே திரும்பிப் போய்விட்டது. இருட்டிய பிறகு வெளியே சுமார் 12,000 விளக்குகள் எரியும். கட்டடம் முழுக்கக் கண்ணில் பட வேண்டுமானால் சாலையின் எதிர்ப்பக்கம் நில்லுங்கள்.

உணவுக் கூடத்தில் வாங்கும்போது இரண்டு விஷயம். இனிப்பு, பாலாடைக்கட்டி போன்ற நிறுத்துத் தருகிற பொருள்களுக்குப் பல இடங்களில் 100 கிராம் விலைதான் எழுதியிருக்கும். கிலோ விலை என்று நினைத்து "அரைக் கிலோ" என்று சொல்லிவிட்டால் பில்லைப் பார்த்ததும் அப்பாவுக்கு நெஞ்சு படபடக்கும். அடுத்தது, நம் ஊர்ப் பச்சைப் புள்ளி அங்கே கிடையாது. வீட்டில் சைவம் என்றால் "சூட்டபிள் ஃபார் வெஜிடேரியன்ஸ்" என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஜெல்லி, மார்ஷ்மெல்லோ வகைகளில் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும், அது மாடு அல்லது பன்றியிலிருந்து வருவது. சில சாக்லேட்டுகளில் மது கலந்திருக்கும். கேக்கில் முட்டை உண்டு. சுவைத்துப் பார்க்கச் சின்னத் துண்டு நீட்டினால் வாங்கிக்கொள்ளலாம், அதனால் வாங்கியே ஆக வேண்டும் என்பதில்லை.

ஏதாவது ஒரு பொருள் கையில் எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்று தோன்றும். அதற்குத்தான் பரிசுப்பொருள் பகுதி. பச்சை நிறத்தில் பெயர் போட்ட பை, சின்னக் கரடி பொம்மை, தேயிலை டப்பா. உறவுக்காரர்களுக்குக் கொடுக்க டப்பாதான் என் தேர்வு, காலியான பிறகும் அடுப்படியில் கடுகு போட்டு வைக்கலாம். 14ஆம் எண் கலவை பிரபலம். அசாம், டார்ஜிலிங், சிலோன், கென்யத் தேயிலைகளின் கலவை அது. நம் தேயிலையை அவ்வளவு தூரம் போய் வாங்கி வருகிறோமே என்று அப்பா சொல்லத்தான் செய்வார், சொல்லிவிட்டுப் போகட்டும். பேரம் மட்டும் வேண்டாம். புது மண்டபத்துக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறின பிறகும் அங்கே நாம் பேரத்தை விடவில்லை, ஆனால் ஹாரட்ஸில் எழுதிய விலைதான். தள்ளுபடி வேண்டுமானால் ஆடிக்குக் காத்திருக்கிற மாதிரி ஜூன் கடைசிக்கோ டிசம்பர் 26க்கோ காத்திருக்க வேண்டும். அதற்கு நீங்கள் போகிற மாதம் சரிப்படாது.

வாசனைத் திரவியப் பகுதியில் அம்மாவைக் கொஞ்ச நேரம் விடுங்கள். காகிதப் பட்டையில் தெளித்து முகரக் கொடுப்பார்கள், இலவசம். பெயர் பட்டியலில் "ஜாஸ்மின் சம்பக்" என்று எங்காவது பார்த்தால் நிறுத்திக் கேளுங்கள். நம் மல்லியும் அதே இனம்தான். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதே பூ. தமிழ்நாட்டு மல்லியிலிருந்து எடுத்த சாறு வெளிநாட்டு வாசனைத் திரவியங்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் கிலோ கணக்கில் வாங்குகிறதை அங்கே மில்லிலிட்டர் கணக்கில் விற்கிறார்கள்.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒரு கடையை நான் சொல்கிறேன். லிபர்ட்டி. கிரேட் மார்ல்பரோ வீதியில் இருக்கிறது. மூன்றில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், ஹாரட்ஸை விட்டுவிட்டுக்கூட இதற்குப் போகலாம் என்பேன். 1875இல் ஆர்தர் லேசன்பி லிபர்ட்டி தொடங்கியது, ஆரம்பத்தில் கீழை நாட்டுப் பட்டும் துணியும் விற்றார்கள். இப்போதுள்ள கட்டடம் 1924இல் எழும்பியது. பழைய மர வீடு போல இருக்கும். 'இம்ப்ரெக்னபிள்', 'ஹிந்துஸ்தான்' என்று இரண்டு போர்க்கப்பல்களைப் பிரித்து, அந்த மரத்தால் கட்டினார்கள். உள்ளே நடு முற்றத்தைச் சுற்றி அடுக்கடுக்காக மரத் தாழ்வாரங்கள். நம் பழைய வீட்டு முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்க்கிற பழக்கம் உள்ள அம்மாவுக்கு அது உடனே பிடித்துப்போகும். கைப்பிடி மரத்தைத் தடவிப் பார்க்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள்.

அங்கே துணிப் பகுதிக்குப் போங்கள். 'டானா லான்' என்று மெல்லிய பருத்தித் துணி, சின்னச் சின்னப் பூ அச்சு. மீட்டர் முப்பது பவுண்டு அளவில் இருக்கும். அம்மா மதுரைச் சுங்குடி கட்டிக்கொண்டு போனால் வேடிக்கை இரண்டு பக்கமும் நடக்கும். துணி தெரிந்த ஊழியர்கள் அங்கே இருப்பார்கள், சேலையைப் பற்றிக் கேட்கவும் செய்வார்கள். அச்சு வேலை என்று நினைத்துவிடப் போகிறார்கள். துணியைக் கிள்ளி நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குவது, முடிச்சை அவிழ்த்தால் அந்த இடத்தில் புள்ளி நிற்கும், மதுரைச் சௌராஷ்டிரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்வது என்று சொல்லுங்கள். ஆனால் ஒன்று, இப்போது கடைகளில் சுங்குடி என்று விற்பதில் நிறைய அச்சுத்தான். கட்டிக்கொண்டு போவது கையால் முடிச்சுப் போட்டதுதானா என்று கிளம்புவதற்கு முன்னால் பார்த்துக்கொள்ளுங்கள். முடிச்சு இருந்த இடம் விரலில் லேசாக மேடு தட்டும்.

ஃபோர்ட்னம் அண்ட் மேசன் பிக்கடில்லியில் இருக்கிறது, 1707இல் தொடங்கியது, தேயிலைக்குப் பேர் போனது. மணிக்கு மணி வெளியே கடிகாரத்தில் இரண்டு பொம்மைகள் வந்து ஒன்றுக்கொன்று வணங்கும். தரைத்தளத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். மேல்தளத்துத் தேநீர் விருந்து ரொம்ப விலை. அம்மா ஆசைப்பட்டால் ஒழிய வேண்டாம் என்பேன். உட்கார்ந்து சாப்பிடுகிற இடங்களில் பில்லிலேயே 12.5 சதவீதம் அளவில் சேவைக் கட்டணம் சேர்த்திருப்பார்கள் என்பதையும் மறக்காதீர்கள்.

பணம் பற்றி ஒன்றிரண்டு. வெளிநாட்டுப் பயணிகளுக்கு வரி திருப்பித் தருவார்கள் என்று யாராவது சொன்னால், அது பழைய கதை. 2021 ஜனவரி 1 முதல் லண்டனில் வாங்கிக் கையில் கொண்டுவருகிற பொருளுக்கு அந்த வசதி இல்லை. விலையில் அடங்கியிருக்கிற 20 சதவீத வரி போனது போனதுதான். கடையே நேரடியாக வெளிநாட்டுக்கு அனுப்பிவைத்தால் வேறு கணக்கு. பயணத்தில் பாரிஸும் இருக்கிறதென்றால், விலை கூடிய பொருளை அங்கே வாங்குங்கள், பிரான்சில் ஒரே கடையில் 100 யூரோவைத் தாண்டினால் விண்ணப்பித்து ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். வாங்காவிட்டாலும் அங்கே கேலரி லஃபாயெத் என்கிற பெரிய கடைக்குப் போய் 1912இல் கட்டிய அந்த வண்ணக் கண்ணாடிக் குவிமாடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். மொட்டை மாடிக்கும் கட்டணமில்லை, ஐஃபில் கோபுரம் தெரியும். அட்டை தேய்க்கும்போது இயந்திரம் "ரூபாயிலா, பவுண்டிலா" என்று கேட்கும். ரூபாய் தெரிந்த முகமாக இருக்கிறதே என்று அதை அழுத்திவிடாதீர்கள். மாற்று விகிதத்தில் கூடுதலாக எடுத்துவிடுவார்கள், எப்போதும் பவுண்டு. பில்லைக் கிழித்துப் போடாதீர்கள், திரும்பி வரும்போது சுங்கத்தில் கேட்டால் காட்ட வேண்டிவரும்.

ஆக்ஸ்ஃபோர்ட் வீதியில் போனை வெளியே எடுத்துச் சாலை ஓரமாக நின்று வழி பார்க்க வேண்டாம். சைக்கிளில் வந்து பறித்துக்கொண்டு போய்விடுவார்கள். கடை வாசலுக்குள் ஒதுங்கிப் பாருங்கள். கழிப்பறை எல்லாக் கடையிலும் உண்டு, உட்கார இடம்தான் குறைவு. அப்பாவுக்கு முழங்கால் வலி என்றால் ஷூ விற்கிற பகுதிக்குக் கூட்டிப் போங்கள், அங்கே நாற்காலி இருக்கும்.

வார நாள் காலை 10 மணிக்கு ஹாரட்ஸ், மத்தியானம் வாசலிலேயே 14ஆம் எண் பேருந்தில் மேல்தட்டு முன்சீட்டைப் பிடித்தால் பிக்கடில்லி. பேருந்தில் ரொக்கம் வாங்க மாட்டார்கள், அட்டையைத் தொட்டால் போதும். ஃபோர்ட்னம் பார்த்துவிட்டு ரீஜண்ட் வீதி வழியே மெல்ல நடந்தால் கால் மணி நேரத்தில் லிபர்ட்டி. சாயங்காலம் இட்லி வேண்டும் என்றால் ஈஸ்ட் ஹாம் பக்கம் போக வேண்டும், அக்காவுக்குத் தெரிந்திருக்கும். செல்ஃப்ரிட்ஜஸை ஞாயிறு 11:30க்குத் தனியாக வையுங்கள். நாலையும் ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால், மூன்றாவது கடை வாசலிலேயே அப்பா "நீங்க போயிட்டு வாங்க" என்று நின்றுவிடுவார்.